சூடு போகும் வழி

பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு பெரிய வீட்டை எங்கள் அப்பா பார்த்துக்கொள்கிறார். வீட்டுக்காரர்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். கல்யாணம், படைப்பு என்று எப்போதாவது வந்தால் உண்டு. மற்றபடி வாரத்துக்கு ஒரு நாள் கதவுகளையெல்லாம் திறந்து காற்றாட விட்டு, கூட்டித் துடைத்து, பூட்டிவிட்டு வர வேண்டும். அப்பா சுண்ணாம்பு வேலை பார்த்த கொத்தனார். அந்த வீட்டில் அவர் கை படாத சுவர் குறைவு. போன சித்திரையில் அவருக்கு முழங்கால் வலி என்று நானும் அண்ணன் மகளும் போனோம். அவள் சென்னையில் ஒன்பதாம் வகுப்பு முடித்துவிட்டு லீவுக்கு வந்திருந்தாள்.

மதியம் பன்னிரண்டு மணி. வெளியே 40 டிகிரி. கரண்ட் வேறு இல்லை. முகப்பைத் தாண்டி வளவுக்குள், அதாவது நடுமுற்றத்தைச் சுற்றிய கூடத்துக்குள், நுழைந்ததும் அவள் துப்பட்டாவை ஒரு பக்கம் எறிந்துவிட்டுத் தரையில் குப்புறப் படுத்துக் கன்னத்தை வைத்துக்கொண்டாள். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை.

"அத்தை, அடியில ஏசி ஓடுதா?"

"எழுந்து வா, இன்னும் கூட்டவே இல்ல."

அவள் எழவில்லை. படுத்த இடத்திலிருந்தே கையை நீட்டிப் பக்கத்திலிருந்த தேக்குத் தூணைத் தொட்டாள். அப்புறம் தரையை. மறுபடி தூணை. "தூணும் இதே நிழல்லதான் நிக்குது. தரை மட்டும் ஏன் சில்லுன்னு இருக்கு?"

22 வருடமாக இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். வெப்பம் என்றால் என்ன, வெப்பநிலை என்றால் என்ன என்று வேறுபாடு எழுதச் சொன்னால் பிள்ளைகள் நடுவில் கோடு போட்டு நான்கு வரி எழுதிவிடுவார்கள். மதிப்பெண்ணும் போட்டுவிடுவேன். ஆனால் இந்தக் கேள்வியை ஒரு பிள்ளையும் தானாக வந்து என்னிடம் கேட்டதில்லை. கேட்கும்படி ஒரு தரையில் நான் அவர்களைப் படுக்க வைத்ததும் இல்லை. அந்த வருத்தம் எனக்கு உண்டு.

கைப்பையில் ஒரு வெப்பமானி இருந்தது. கொரோனா சமயத்தில் பள்ளி வாசலில் நெற்றிக்கு நேரே நீட்டிப் பார்த்தோமே, அந்தத் துப்பாக்கி மாதிரிக் கருவி. பொருள்களின் மேற்பரப்பைப் பார்க்கவும் அதில் வசதி உண்டு. அவள் கையில் கொடுத்துத் தரையைப் பார்க்கச் சொன்னேன். 31.4. தூண்? 31.7. சுவர் 31.5.

"ஒண்ணாத்தானே இருக்கு!" என்று கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பேட்டரி போயிருக்குமோ என்று சந்தேகம்.

கருவி சொன்னது சரி. ஒரே கூரைக்குக் கீழே நாள் கணக்காகக் கிடக்கும் பொருள்கள் ஏறக்குறைய ஒரே வெப்பநிலைக்கு வந்துவிடும். அவள் கன்னம் சொன்னதும் சரிதான், ஆனால் கன்னம் சொன்னது வேறு செய்தி. நம் தோல் 33, 34 டிகிரியில் இருக்கிறது. தரை அதைவிடக் கொஞ்சம் கீழே. அதனால் கன்னத்திலிருந்து தரைக்குச் சூடு போகிறது. தூணில் சாய்ந்தாலும் போகிறது. தரைக்குப் போவது வேகமாக, தூணுக்குப் போவது மெதுவாக. மரம் சூட்டை வாங்கிக்கொள்ளும், உள்ளே கடத்தத் தெரியாது. தொட்ட இடத்திலேயே சூடு தேங்கி, அந்த இடம் சீக்கிரமே தோலின் சூட்டுக்கு வந்துவிடும். சிமெண்ட்டும் மணலும் சேர்ந்த கல் வாங்கிய சூட்டை உடனே உள்ளே அனுப்பிவிட்டு அடுத்ததற்குத் தயாராக இருக்கும். ஆத்தங்குடிக் கல்லைக் கண்ணாடித் தட்டின் மேல் வார்க்கிறார்கள். சூளையில் சுடுவதில்லை, தண்ணீரில் ஊறப்போட்டுத்தான் இறுக்குகிறார்கள். கண்ணாடியில் படிந்து வந்த முகம் என்பதால் அத்தனை வழுவழுப்பு. அந்த வழுவழுப்பில் கன்னம் இடைவெளியில்லாமல் ஒட்டுகிறது, சூடு போகும் வாசல் அகலமாகிறது.

கணக்குப் போட்டால், கன்னம் பட்ட கணத்தில் தரையில் பட்ட தோலுக்கும் தூணில் பட்ட தோலுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு டிகிரி அளவுதான் வரும். அந்த ஒரு டிகிரியைத்தான் நாம் 'சில்' என்கிறோம். தோலுக்குள் இருக்கும் நரம்பு வெளியே இருக்கும் பொருளின் வெப்பநிலையைப் பார்ப்பதில்லை. தன் சூடு எவ்வளவு வேகமாகப் போகிறது, எவ்வளவு வேகமாக வருகிறது என்றுதான் பார்க்கிறது. குளிர்ச்சி என்று ஒரு பொருள் தரைக்குள்ளே இல்லை. போகிறது சூடு மட்டும்தான்.

அவளுக்குப் பாதிதான் நம்பிக்கை வந்தது. சரி, மாடிக்குப் போகலாம் என்று கூட்டிப் போனேன். மொட்டை மாடியில் ஒரு மூலையில் மிச்சமான ஆத்தங்குடிக் கற்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள். அதன் பக்கத்தில் ஒரு பழைய தேக்குப் பலகை. இரண்டும் காலையிலிருந்து வெயிலில் கிடப்பவை. பலகையில் உள்ளங்கையை வைத்தாள், கொஞ்ச நேரம் பொறுத்துக்கொண்டாள். கல்லில் வைத்த கையை அப்படியே இழுத்துக்கொண்டாள். கீழே சில்லென்று இருந்த அதே கல்தான். எந்தக் குணத்தால் அங்கே சூட்டை வேகமாக வாங்கியதோ, அதே குணத்தால் இங்கே வேகமாகக் கொடுக்கிறது. பிள்ளையார்பட்டியிலும் குன்றக்குடியிலும் கோடையில் கல்தரையில் ஓடிக்கொண்டே கும்பிட்ட கால்களுக்கு இது புதிதல்ல. வெயில் படும் கோயில் தரைகளில் வெள்ளைப் பட்டை அடித்து வைப்பது, வெயிலைத் திருப்பியனுப்பிக் கல் சூட்டை வாங்காமல் இருப்பதற்காக.

கீழே இறங்கும்போது அவள் "வெக்கையா இல்ல அத்தை உள்ள, சென்னையில வீட்டுக்குள்ளயே புழுங்கும்" என்றாள். எனக்கு அந்த இரண்டு சொற்களும் காதில் நின்றன. பாடப்புத்தகத்தில் வெப்பம் பரவும் முறைகள் மூன்று: கடத்தல், சலனம், கதிர்வீச்சு. எங்கள் அப்பத்தாவுக்கு இந்த மூன்று சொற்களும் தெரியாது. ஆனால் அவர் ஒருநாளும் எல்லாவற்றையும் 'சூடு' என்று சொன்னதில்லை. மேற்கே பார்த்த சுவர் சாயங்காலம் தொடாமலே மேலே அடிப்பது காங்கை. அது கதிர்வீச்சு. நாலு தப்படி தள்ளி நின்றாலும் முகத்தில் தெரியும், நடுவில் ஒரு தட்டியை வைத்தால் நின்றுவிடும். மத்தியானம் வாசல் வழியாக வருவது அனல் காற்று. அது சலனம். காற்றே சூட்டைச் சுமந்து வருகிறது, ஆகவே கதவைச் சாத்தினால் போதும். புழுக்கம் இந்த மூன்றிலும் அடங்காது. அதில் வெப்பநிலை குறைவாகவே இருக்கலாம். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை ஆவியாக முடியாமல் உடம்பிலேயே நிற்கிறது. வெளியேற வழி இல்லாத சூடுதான் புழுக்கம். ஒவ்வொரு சொல்லிலும் சூடு எந்த வழியாக வருகிறது, எந்த வழி அடைபட்டிருக்கிறது என்ற கணக்கு இருக்கிறது. வகுப்பில் கரும்பலகையில் மூன்று அம்புக்குறி போடுவதற்கு முன்னால் இந்தச் சொற்களைச் சொல்லித் தொடங்கலாமே என்று இப்போது தோன்றுகிறது. தொடங்கியும் விட்டேன்.

புழுக்கம் என்றதும் பானை ஞாபகம் வந்தது. இரண்டாங்கட்டில் மணல் பரப்பி அதன்மேல் மானாமதுரைப் பானை ஒன்று வைத்திருப்போம், வேலைக்கு வருகிறவர்கள் குடிக்க. கடம் என்ற வாத்தியத்துக்குப் பெயர்போன அதே ஊர் மண். பானையின் மேனியில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியாகத் தண்ணீர் கசிந்து வெளியே வந்து ஆவியாகிறது. ஆவியாவதற்குத் தண்ணீருக்குச் சூடு வேண்டும், ஒரு கிராமுக்குச் சுமார் 2,430 ஜூல். அதை மிச்சத் தண்ணீரிடமிருந்து எடுத்துக்கொண்டு போகிறது. பத்து லிட்டர் பானையில் 200 மில்லி ஆவியானால், கணக்குப்படி மிச்சம் 11 டிகிரிக்கு மேல் இறங்க வேண்டும். வெளிச்சூடு உள்ளே வந்துகொண்டே இருப்பதால் அவ்வளவு இறங்காது.

இதே பானையை அண்ணன் ஒரு தடவை சென்னைக்குக் கொண்டுபோனான். ஒரு மாதத்தில் ஃபோன் செய்து, பானை சரியில்லை, தண்ணீர் குளிரவே இல்லை என்றான். பானை நல்ல பானைதான். ஈரப்பதம் 30 சதவீதம் இருக்கும் 40 டிகிரிக் காற்றில் பானைத் தண்ணீர் போகக்கூடிய அடிமட்டம் சுமார் 26 டிகிரி. ஈரப்பதம் 65 சதவீதம் இருக்கும் 36 டிகிரிக் காற்றில் 30 டிகிரிக்குக் கீழே அது இறங்கவே முடியாது. வெயில் குறைந்த ஊரில் பானை வெதுவெதுக்கும், வெயில் கொளுத்தும் ஊரில் சில்லென்று இருக்கும். இதைச் சொன்னதும் அண்ணன் மகள் சிரித்துக்கொண்டே, "அப்பா அந்தப் பானையில இப்ப துளசி வச்சிருக்காரு" என்றாள்.

அடுப்படியைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும். அப்பத்தா இந்த மாதிரி ஒரு வீட்டு அடுப்படியில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர். பித்தளை அண்டா, பித்தளைத் தவலை என்று வரிசையாக இருக்கும். பித்தளையில் புளி பட்டால் களிம்பு ஏறும், ஆகவே உள்ளே ஈயம் பூச வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஈயம் பூசுகிறவர் வருவார். வாசலுக்கு வெளியே, வேப்ப மரத்தடியில், தரையில் ஒரு குழி தோண்டிக் கரியைப் போட்டு, தோல் துருத்தியை மிதிப்பார். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து புத்தகப் பையோடு பக்கத்தில் உட்கார்ந்துவிடுவேன்.

முதலில் பாத்திரத்தைப் புளியும் மணலும் போட்டுத் தேய்ப்பார். பிறகு தணலில் கவிழ்த்துச் சுழற்றிச் சுழற்றிக் காய்ச்சுவார். காய்ந்ததும் நிமிர்த்தி, நவச்சாரம் என்ற உப்பை ஒரு சிட்டிகை உள்ளே தூவுவார். குப்பென்று வெள்ளைப் புகை கிளம்பும். மூக்கைக் குத்தும் அந்த வாடை இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. உடனே ஈயக்குச்சியைப் பாத்திரத்தின் சுவரில் ஒரு கோடு இழுப்பார். குச்சி வெண்ணெய் மாதிரி உருகும். கையில் வைத்திருக்கும் பஞ்சால் ஒரே வீச்சில் சுற்றித் துடைப்பார். மஞ்சளாக இருந்த உட்புறம் கண் முன்னால் வெள்ளியாக மாறிவிடும். கடைசியில் பக்கத்துத் தொட்டியில் சொய்ங்கென்று முக்கி எடுப்பார். எல்லாம் ஒரு நிமிடத்துக்குள்.

அந்த ஒரு நிமிடத்துக்குள் பொருளின் நிலைகளைப் பற்றிய பாடம் முழுவதும் இருக்கிறது. அவர் பூசியது வெள்ளீயம். அது 232 டிகிரியில் உருகும். பித்தளை உருக 900 டிகிரிக்கு மேல் வேண்டும். ஒன்று ஓடும், மற்றது நிற்கும். அந்த இடைவெளியில்தான் அவர் தொழில் நடந்தது. நவச்சாரம் திண்மத்திலிருந்து நேராக ஆவியாகிவிடுகிறது, பதங்கமாதல் என்று புத்தகத்தில் எழுதுவோம். உண்மையில் அது சூட்டில் அமோனியாவும் ஹைட்ரஜன் குளோரைடுமாகப் பிரிந்து போய், மேலே குளிர்ந்த காற்றில் மறுபடி சேர்கிறது. நான் பார்த்த வெள்ளைப் புகை அப்படி மறுபடி சேர்ந்த நுண்துகள். பிரிந்திருக்கும் நேரத்தில் அந்த அமிலவாயு பித்தளையின் மேலிருக்கும் களிம்பைத் தின்று சுத்தம் செய்துவிடும். அதனால்தான் ஈயம் ஒட்டுகிறது. (இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். பேச்சில் ஈயம் என்போம், ஆனால் காரீயம் வேறு. அது விஷம். ஈயம் பூசக் கொடுக்கிறவர்கள் வெள்ளீயம்தானா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.)

அப்பத்தா எனக்கு அடுப்படியில் முதலில் சொன்ன விதி, "வெறும் பாத்திரத்த அடுப்புல வைக்காத" என்பது. தண்ணீரை ஊற்றிவிட்டுத்தான் தூக்கி வைக்க வேண்டும். ஈயம் பூசிய பாத்திரத்தில் தாளிக்கவும் கூடாது. ஏன் என்று கேட்டதற்கு "ஈயம் ஓடிப்போயிரும்" என்பார். ஒருநாள் ஓடியது. பால் காய்ச்சும் சின்னத் தவலையைக் கழுவி அடுப்பில் வைத்துவிட்டு நான் பால் எடுக்கப் போனேன். போன இடத்தில் ஏதோ பேச்சு. திரும்பி வந்து பார்த்தால் அடியில் பாதரசம் மாதிரி முத்து முத்தாக நாலைந்து உருண்டைகள் ஓடிக்கொண்டிருந்தன. சுற்றிலும் பித்தளை மஞ்சளாகத் தெரிந்தது. அப்பத்தா அடிக்கவில்லை. தவலையை இறக்கி வைத்து, உருண்டைகள் உறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். "அடுத்த தடவ அவர் வரும்போது கொடுக்கணும், எடுத்து வை" என்றார்.

அதே அடுப்பு, அதே தீ. தினமும் அரைமணி நேரம் பால் கொதித்த தவலைக்கு ஒன்றும் ஆகவில்லை, ஐந்து நிமிடம் சும்மா இருந்த தவலையின் ஈயம் உருகிவிட்டது. விறகுத் தீ 700 டிகிரிக்கு மேல் இருக்கும். ஆனால் உள்ளே தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும்வரை பாத்திரம் 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். தீ எவ்வளவு எரிந்தாலும் கொதி பலமாகுமே தவிர, வெப்பநிலை ஏறாது. ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுவர 293 கிலோ ஜூல் போதும். அந்த 100 டிகிரித் தண்ணீரை 100 டிகிரி ஆவியாக்க 2,257 கிலோ ஜூல் வேண்டும். ஏழு மடங்குக்கும் மேல். இந்த ஏழு மடங்கும் எந்த வெப்பமானியிலும் தெரியாது. தண்ணீர்த் துகள்கள் ஒன்றையொன்று பிடித்திருக்கும் பிடியை விடுவிக்கவே செலவாகிவிடுகிறது. கிளாஸ்கோவில் ஜோசஃப் பிளாக் 1760களில் இதைக் கண்டுபிடித்தார். தண்ணீர் கொதிக்கத் தொடங்க ஆன நேரத்தையும், பாத்திரம் வற்ற ஆன நேரத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார். அவ்வளவுதான் அவர் சோதனை, அடுப்படியில் நிற்கிற யாரும் செய்யக்கூடியது. மறைந்துபோன இந்தச் சூட்டுக்கு நாம் உள்ளுறை வெப்பம் என்று பெயர் வைத்திருக்கிறோம். நல்ல பெயர். ஈயத்தை அப்பத்தாவுக்காக முப்பது வருடம் காத்தது அதுதான்.

அன்றைக்கு மதியம் அந்த வீட்டு அடுப்படியில் நாங்கள் ஒரு பித்தளைச் சொம்பில் தண்ணீர் சுடவைத்துக் காபி போட்டோம். அவள் விடுவாளா, கருவியைச் சொம்பின் மேல் நீட்டினாள். 42 காட்டியது. தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது! எனக்கு அது தெரிந்த விஷயம்தான். பளபளப்பான உலோகம் தன் கதிரை அதிகம் வெளியே விடாது, சுற்றியிருப்பவற்றின் கதிரையே திருப்பிக் காட்டும். கருவி பார்த்தது சொம்பை அல்ல, சொம்பில் தெரிந்த அடுப்படிச் சுவரை. சாமி அறையிலிருந்து கொஞ்சம் திருநீறை எடுத்து வந்து குழைத்துச் சொம்பின் வயிற்றில் ஒரு பட்டை போடச் சொன்னேன். ஈரம் காய்ந்ததும் பட்டையின் மேல் நீட்டிப் பார்த்தாள். 91. ஒரே சொம்பு. பளபளப்பில் 42, திருநீற்றில் 91. சாம்பல் கதிரை நன்றாக விடும். பளபளவென்று தேய்த்த பாத்திரத்தில் காபி அதிக நேரம் சூடாக இருப்பதற்கும், ஃபிளாஸ்க்கின் உட்புறத்தைக் கண்ணாடி மாதிரி செய்வதற்கும் இதுவே காரணம்.

தோசைக்கல் பற்றியும் அங்கேயே பேசினோம். கல் காய்ந்ததா என்று பார்க்க நாலு துளி தண்ணீர் தெளிப்போம். சுர்ரென்று பொரிந்தால் பதம். துளிகள் பொரியாமல் மணி மணியாக உருண்டு ஓடினால் கல் அளவுக்கு மீறிக் காய்ந்துவிட்டது. சூடு கூடக்கூடத் தண்ணீர் சீக்கிரம் போக வேண்டும், ஆனால் ஒரு எல்லைக்கு மேல் துளியின் அடியிலேயே ஆவி ஒரு மெத்தையாக உருவாகி, துளி கல்லைத் தொடாமல் மிதக்கிறது. ஆவி சூட்டைச் சரியாகக் கடத்தாது, ஆகவே துளி தப்பித்துக்கொண்டு நிற்கிறது. 1756ல் லைடன்ஃப்ராஸ்ட் என்ற ஜெர்மானிய மருத்துவர் இதை எழுதிவைத்தார். காரைக்குடியில் எங்களுக்கு இன்னொரு பாக்கியம் உண்டு. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953ல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இங்கேதான் இருக்கிறது. மாணவியாக அங்கே போனபோது ஒருவர் திரவ நைட்ரஜனைத் தரையில் ஊற்றிக் காட்டினார். வெள்ளை மூட்டத்தோடு மணி மணியாக உருண்டு ஓடியது. நைட்ரஜன் கொதிப்பது மைனஸ் 196 டிகிரியில். 30 டிகிரித் தரை அதற்கு 226 டிகிரி அதிகம் காய்ந்த தோசைக்கல். நான் நின்றிருந்த தரையே ஒரு பொருளுக்கு அடுப்பு என்று தெரிந்த அந்த நிமிடத்தில்தான் இயற்பியல் படிப்பது என்று முடிவு செய்தேன்.

சாயங்காலம் அப்பா இட்லியை வாங்கிக்கொண்டு டிவிஎஸ்ஸில் வந்துவிட்டார். வலி இருந்தாலும் அவரால் வீட்டைப் பார்க்காமல் இருக்க முடியாது. வளவின் நடுவே வானம் பார்த்த வாசலில் தண்ணீர் தெளித்துவிட்டு மூன்று பேரும் பட்டாலையில் உட்கார்ந்தோம். பகலெல்லாம் சூடான காற்று வாசலின் திறந்த வானம் வழியே மேலே போகும், முகப்பிலிருந்து பின்கட்டு வரை ஒரே நேராக இருக்கும் கதவுகள் வழியே புதிய காற்று உள்ளே வரும். பேச்சு சுவர்ப் பூச்சின் பக்கம் திரும்பியது. அப்பாவிடம் சுண்ணாம்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

"காளவாயில சுட்ட கல்ல தொட்டியில போட்டுத் தண்ணிய விட்டா, நெருப்பே இல்லாம கொதிக்கும் பாரு, அப்படிக் கொதிக்கும். கிட்ட நிக்க முடியாது. ஒரு பய கால விட்டுட்டான், தோல் உரிஞ்சு போச்சு." அதற்கப்புறம் அவர் கடுக்காய்த் தண்ணீர், வெல்லம், மணலைச் சலிப்பது, பூச்சுக்கு மேல் பூச்சு, கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு, கூழாங்கல்லால் நாள் கணக்காகத் தேய்ப்பது என்று போய்விட்டார். தேய்க்கும்போது கல் கையில் கதகதவென்று ஆகிவிடும் என்றார். பீரங்கிக் குழாயைக் குடையும்போது தண்ணீர் கொதித்ததைப் பார்த்து, சூடு என்பது பொருளுக்குள் ஒளிந்திருக்கும் திரவம் அல்ல, அசைவிலிருந்து பிறப்பது என்று 1798ல் ரம்ஃபோர்டு சொன்னதை நான் இடையில் சொன்னேன். "அப்படியா" என்று கேட்டுக்கொண்டார்.

"நெருப்பே இல்லாமல் கொதிக்கும்" என்ற இடத்தில் அவள் நின்றுவிட்டாள். சூடு எங்கிருந்து வந்தது?

காளவாயிலிருந்து. சுண்ணாம்புக் கல்லை 900 டிகிரிக்குச் சுட்டால் கரியமில வாயு பிரிந்து போய்விடுகிறது. அப்படிப் பிரிக்க விறகின் சூடு செலவாகிறது. அது சுட்ட சுண்ணாம்புக்குள் கையில் தொட்டுத் தெரியாத வடிவில் இருக்கிறது. மாதக்கணக்கில் ஆறிப்போய் மூட்டையில் கிடந்தாலும் போகாது. தண்ணீர் பட்டதும் ஒரு பங்கு வெளியே வருகிறது. ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பு நீறும்போது விடும் சூடு, வீணாகாமல் முழுவதும் சேர்ந்தால், மூன்று லிட்டருக்கு மேல் தண்ணீரைக் கொதிக்க வைக்கும்.

நோட்டில் எழுதிக் காட்டினேன். சுண்ணாம்புக் கல்லைப் பிரிக்க ஒரு மோலுக்கு, அதாவது சுமார் 100 கிராம் கல்லுக்கு, 178 கிலோ ஜூல் போகிறது. தண்ணீர் விட்டு நீற்றும்போது 65 திரும்பி வருகிறது. மிச்சம் 113. அது எங்கே? சுவரில். பூச்சாகப் போட்ட சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை மெல்ல மெல்ல இழுத்து மறுபடி சுண்ணாம்புக் கல்லாகிறது. இறுகுவது என்பது அதுதான். அப்போது அந்த 113ம் வெளியே வருகிறது. காளவாய்க்குள் உடைந்த பிணைப்புக்குப் போன சூட்டில் மூன்றில் ஒரு பங்கு தொட்டியில் ஒரு மணி நேரத்தில் வந்துவிடுகிறது. மூன்றில் இரண்டு பங்கு சுவரிலிருந்து வருடக்கணக்கில் வருகிறது. கணக்கில் ஒரு ஜூல் குறையவில்லை.

அப்பா நோட்டை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். "இது எனக்குத் தெரியாது" என்றார். "இறுகும்னு தெரியும். சூடு வரும்னு தெரியாது."

இருட்டிவிட்டது. அவள் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். மேற்குச் சுவர், நன்றாகக் கதகதவென்று இருந்தது. "இது காளவாய்ச் சூடா?" என்றாள். இல்லை, இது இன்றைக்கு மத்தியான வெயில். சுவருக்குள் புகுந்து இந்தப் பக்கம் வர இத்தனை நேரம் ஆகியிருக்கிறது. அப்பா எழுந்து போய் வடக்குப் பக்கத்தில் ஒரு மூலையைக் காட்டினார். மழையில் உதிர்ந்த இடத்தில் ஆறு மாதத்துக்கு முன்னால் அவர் போட்ட பூச்சு, சுற்றியிருப்பதைவிடக் கொஞ்சம் வெளுப்பாகத் தெரிந்தது. அவள் அதில் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து, கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

"ஒண்ணும் தெரியல."

"தெரியாதும்மா" என்றார் அப்பா. "அழுத்தாத. உள்ள இன்னும் பச்சையாத்தான் இருக்கும்."

பின்கட்டிலிருந்து ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டு வந்தோம். நிலைவாசலைப் பூட்டும்போது மணி ஒன்பதரை.